கண்ணபுரம் சந்தைக்குக் கட்டுச்சோறு கட்டிப் போனோம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மாமனாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி கட்டிலில் சாயும்போது ஒரு தடவை, "கண்ணபுரத்துல தேரு சாட்டியிருப்பாங்க, மாடு சேந்திருக்கும்" என்பார். யாரும் பதில் சொல்லாவிட்டால் அவரே "உம்" கொட்டிக்கொண்டு படுத்துவிடுவார். கல்யாணமாகி வந்த 17 வருடமாக நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போனதில்லை.

போன சித்திரையில்தான் போனோம். மாமனார், என் வீட்டுக்காரர், நான், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர். அந்த ஒரு நாளில் எங்கள் வீட்டுக் கணக்கு ஒன்று மாறிப்போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

திருப்பூர் மாவட்டத்தில் வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் நடுவில், ஓலப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது கண்ணபுரம். அங்கே மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா சித்திரை மாதம் நடக்கும். அதையொட்டிக் கூடுகிற மாட்டுச்சந்தை, காங்கயம் இன மாடுகளுக்கென்றே பேர்போனது. மற்ற சந்தைகளில் எருமை, ஜெர்சி, கலப்பினம் எல்லாம் கலந்து நிற்கும். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் காங்கயம்தான்.

வண்டி வேண்டாம், பஸ்ஸே போதும்

எங்கள் ஊர் தாராபுரத்துக்கு வடக்கே. 6 ஏக்கர் பூமி. அதில் 2 ஏக்கர் கிணற்றுப் பாசனம், 4 ஏக்கர் கொறங்காடு. கொறங்காடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழையை மட்டும் நம்பி விட்டிருக்கும் மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். உழவு, உரம், தண்ணி என்று பெரிதாக எதுவும் கேட்காது. எங்கள் கொறங்காட்டில் 10, 12 செம்மறி ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. பாதிப் புல் யாருக்கும் இல்லாமல் காய்ந்துபோகும்.

கட்டுத்தரையில் நிற்பது கலப்பினப் பசு இரண்டு. மூன்றாக இருந்தது. ஒன்று நாலைந்து தடவை ஊசி போட்டும் சினை நிற்காமல், ஒரு வருடம் சும்மா நின்று தீவனம் தின்றது. கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம்.

மாமனாருக்கு 74 வயது. ஒரு காலத்தில் இதே கட்டுத்தரையில் ஒரு ஜோடி எருது, இரண்டு பசு, ஒரு பூச்சிக்காளை என்று காங்கயம் மாடுகளாகக் கட்டியிருந்தவர். இனவிருத்திக்கு விடும் பொலிகாளையைத்தான் எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்போம். கவலை ஓட்டித் தண்ணி இறைத்த கை அது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, எருதுகளுக்கு வேலை போனது. கடைசி ஜோடியை விற்ற அன்றைக்கு அவர் ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை என்று என் மாமியார் இருந்தபோது சொல்லியிருக்கிறார்.

"ஒரே ஒரு கெடேரி வாங்கிக் கட்டோணும் அம்மிணி. என்ற காலத்துல ஒண்ணாவது நிக்கோணும்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பால் கணக்கு எழுதுவது நான்தான். பணமும் என் கையில்தான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். காரணம் இருந்தது. போர் மோட்டார் எரிந்தபோது என் சங்கிலியைக் கூட்டுறவு பேங்கில் 50,000 ரூபாய்க்கு வைத்தோம். பால் பணம், ஆடு விற்ற பணம் என்று சேர்த்து 55,000 கையில் வந்திருந்தது. அசலும் வட்டியும் கட்டிச் சங்கிலியைத் திருப்ப அந்தப் பணம் சரியாக இருக்கும். வைகாசியில் என் தங்கச்சி மகளுக்குச் சீர். வெறும் கழுத்தோடு போய் நிற்க எனக்கு மனசில்லை. 2, 3 லிட்டர் கறக்கிற மாட்டுக்காக அந்தப் பணத்தை எடுக்க எந்தப் பொம்பளை சம்மதிப்பாள்?

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். போவோம், பார்ப்போம், சாமி கும்பிடுவோம், பிள்ளைகளை ராட்டினம் சுற்றவிடுவோம், வந்துவிடுவோம். "சின்ன யானை ஒண்ணு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். மாமனாரே வேண்டாம் என்றார். "வண்டி எடுத்துட்டுப் போனா வெறுங்கையோட வர மனசு வராது. பஸ்ஸே போதும்."

பணத்தை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து, என் இடுப்பில் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் வைத்துவிட்டு வரப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழியெல்லாம் வேலி

விடிகாலை 4 மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டினேன். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். சாயங்காலக் கறவைக்குப் பக்கத்துக் காட்டு அக்காவிடம் சொல்லி வைத்தேன். கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு நாள் வெளியே போவதென்றால் முதல் வேலை இதுதானே!

தாராபுரம் – காங்கயம் ரோட்டில் ஊதியூர் மலை தாண்டும்போது மாமனார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேரனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். "அதா பாரு கிளுவை வேலி. வெயில் எவ்வளவு அடிச்சாலும் அது சாகாது. ஒரு குச்சியை ஒடிச்சு நட்டாப் போதும்." சில இடங்களில் வேலி அறுந்து, புல் இருந்த இடத்தில் சைட் கல் நட்டிருந்தார்கள். அங்கேயெல்லாம் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

காங்கயத்தில் பஸ் மாறி, ஓலப்பாளையம் விசாரித்து இறங்கி, கண்ணபுரம் போய்ச் சேரும்போது மணி 9.

முதலில் கோயில். தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் வளையல் கடை, பொரிகடலைக் கடை, கரும்புச்சாறு, ராட்டினம். இன்னொரு பக்கம் காடு முழுக்க மாடு. இதே ஊரில் விக்கிரமசோழீஸ்வரர் கோயில் என்று பழைய சிவன் கோயிலும் இருக்கிறது. சித்திரை வெயிலில் அதன் கல் மண்டபம் குளுகுளுவென்று இருந்தது. போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

மகன் ராட்டினத்தைப் பார்த்ததும் கையை இழுத்தான். மகள் மட்டும் மாடு நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்து, "இதுதான், இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

நிறத்தை வைத்தே பேர்

மாடுகளை வரிசை வரிசையாக முளையடித்துக் கட்டியிருந்தார்கள். மேலே பந்தல், பக்கத்தில் தண்ணித் தொட்டி, சோளத்தட்டுக் கட்டு. சொந்தக்காரர்கள் கயிற்றுக் கட்டில் போட்டு, சமையல் சாமானோடு வந்து நாள்கணக்கில் தங்கியிருந்தார்கள்.

மாமனார் அங்கே வேறு ஆள் ஆகிவிட்டார். வீட்டில் முழங்கால் வலி என்று சுவரைப் பிடித்து நடப்பவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"வெள்ளையும் சாம்பலுமா இருந்தா மயிலை. சிவப்பு செவலை. கறுப்பு காரி" என்று பேத்திக்குச் சொன்னார். "அப்பாரு, இந்தக் கண்ணுக்குட்டி மட்டும் செவப்பா இருக்குதே, அதோட அம்மா வெள்ளையா இருக்குது?" என்று கேட்டாள். "காங்கயம் கண்ணு பொறக்கறப்ப செவப்பாத்தான் பொறக்கும் கண்ணு. ஆறு மாசம் ஆச்சுன்னா நிறம் மாறிடும். காளையா இருந்தா வளர வளரத் திமிலு, கழுத்து, தொடையெல்லாம் கறுக்கும். காயடிச்சு எருதாக்கிட்டா அந்தக் கறுப்பு மங்கிப்போயிரும்."

ஒரு பூச்சிக்காளை நின்றிருந்தது. திமில் ஒரு பக்கம் சாயாமல் நிமிர்ந்து, கழுத்து கரேலென்று, கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு. சுற்றிக் கூட்டம். எத்தனை பேர் நின்றாலும் அது அசையவில்லை. என் மகன் கரும்புச்சாற்றை மறந்து வாயைத் திறந்து பார்த்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததைப் பற்றி மாமனார் ஒரு கதை ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கயம் மாட்டுக்கென்று சந்தை கூடுவதையும் அவர்கள்தான் எங்களுக்கு நினைவுபடுத்தினார்கள்.

2017-ல் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் போராடிய பிறகு நாட்டு மாட்டைத் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றார் ஒரு வியாபாரி. "ஆனா வாங்கறவங்கள்ல பாதிப்பேரு போட்டோ புடிக்க வாங்கறாங்க. மேய்க்க வாங்கறவங்க கொறைவு" என்றும் சொன்னார்.

பல்லும் நடையும்

11 மணிக்கு மாமனார் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். வரிசையின் கடைசி. பந்தல்கூட இல்லை. ஒரு வேப்பமர நிழலில் மயிலைக் கெடேரி ஒன்று. பக்கத்தில் வயதான புருஷன் பெண்டாட்டி. அந்தம்மா கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெடேரி அவர் தோளை நக்கிக்கொண்டிருந்தது.

மாமனார் மாடு பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக மாடு வாங்குகிற பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் தொடவே இல்லை. பத்தடி தள்ளி நின்று, அது நிற்பதைப் பார்த்தார். நாலு காலும் நேராக ஊன்றியிருக்கிறதா, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா என்று பார்த்தார். பிறகு நடக்கவிடச் சொன்னார். முன்னங்கால் குளம்பு பதிந்த இடத்திலேயே பின்னங்கால் விழுந்தால் நல்ல நடை. அடுத்து மூக்கு. ஈரமாக வேர்த்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால் காய்ச்சல். அப்புறம் தோலைப் பிடித்து இழுத்து விட்டார், உடனே படிந்தது. உடம்பு முழுக்கத் தடவிக் கட்டி, தழும்பு பார்த்தார். தோல் கழலை நோய் வந்துபோன மாடானால் கையில் தட்டும். மடியில் நாலு காம்பையும் தனித்தனியாகத் தொட்டார். கெடேரி உதைக்கவில்லை.

கடைசியில்தான் பல். தாடையைப் பிடித்துக் கீழ் உதட்டை இறக்கினார். நடுவில் இரண்டு பெரிய பல், மற்றதெல்லாம் பால் பல். "ரெண்டு பல்லு. ரெண்டு, ரெண்டரை வயசு இருக்கும்" என்றார். நாலு பல் என்றால் மூன்று வயதைத் தாண்டியிருக்கும். எட்டும் விழுந்துவிட்டால் "கடை சேந்துருச்சு" என்பார்கள். அதற்கு மேல் பல்லைப் பார்த்து வயது சொல்வது கஷ்டம்.

சுழியும் பார்த்தார். ஏறுபூரான், இறங்குபூரான் என்று பேத்தியிடம் காட்டினார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வேண்டாத சுழி என்று ஒன்று இருந்தால் நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். அதனால் நம்பாதவர்களும் பார்த்து வைப்பது நல்லது.

தரகர் அதற்குள் வந்துவிட்டார். "மூணு மாசச் சினைங்க. தாயோட இனம் நல்ல இனம். 62-க்குக் கொறைஞ்சு பேச்சில்லை."

மாமனார் கெடேரியின் முதுகை ஒரு தடவை தடவினார். "நல்ல உருப்படி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் 17 வருடமாக அவருக்குச் சோறு போடுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

வேப்பமரத்தடியில் ஒரு கணக்கு

கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மகன் ராட்டினத்தில் இரண்டு தடவை சுற்றி, மீதிக் காசில் ஒரு சாட்டை வாங்கி வந்திருந்தான். மகள் தன் நூறு ரூபாயைத் தொடவே இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமனார் சொன்னார். "வேண்டாஞ் சாமி. சங்கிலியைத் திருப்பிரு. பாத்ததே போதும். கடைசிக் காலத்துல என்னத்துக்கு உனக்கொரு கஷ்டம்?"

அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அப்படிச் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இரக்கப்பட்டு மாடு வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பையில் இருந்த பால் கணக்கு நோட்டை எடுத்தேன்.

கலப்பின மாடு ஒன்று, கறவை நாளில் சராசரி 11 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 385. அடர்தீவனம், பிண்ணாக்கு, தவிடு 210. சோளத்தட்டு 60. மிச்சம் 115. இதில்தான் டாக்டர், ஊசி, மருந்து, கறவை வற்றிய மாதங்களின் தீனி எல்லாம். போன வருடம் சினை நிற்காத மாடு தின்றதையும் சேர்த்தால், கழித்தது போகக் கையில் நின்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு மாடும்தான் எங்கள் வீட்டு அன்றாடச் செலவைத் தாங்குகின்றன. அதை மறுக்கவில்லை. மூன்றாவதாக இன்னொரு கலப்பினம் கட்ட எனக்குத் தைரியமில்லை.

காங்கயம் கெடேரிக்குத் தீனி எங்கள் கொறங்காட்டில் காய்ந்து வீணாகிறது. கோடையில் வெள்வேலங்காய் உதிரும், அதையும் தின்னும். பால் வீட்டுக்கு ஆகும். வருமானம் என்றால் கன்றும் சாணியும்தான். அன்று சந்தையில் விசாரித்ததில் ஒரு வருடக் கன்றைக்கூட 20,000-க்குக் குறைத்துச் சொல்லவில்லை. போட்ட பணம் திரும்ப மூன்று, நாலு வருடம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சும்மா கிடக்கும் காடு வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவரலாம்.

"மேய்க்கறது யாரு?" என்று கேட்டேன். மாமனாரைத்தான் கேட்டேன். மகள் பதில் சொன்னாள். "காலைல அப்பாரு ஓட்டிட்டுப் போகட்டும். ஸ்கூல் விட்டு வந்து நான் புடிச்சுட்டு வர்றேன்." நான் நம்பவில்லை. பத்தாவது வந்துவிட்டால் புத்தகத்தைப் பிடிப்பாளா, மாட்டைப் பிடிப்பாளா? ஆனால் வேலி அடைத்த காட்டில் விட்டால் கூடவே ஆள் நிற்க வேண்டியதில்லை என்றார் என் வீட்டுக்காரர். அது சரியாகப் பட்டது.

அந்தம்மா சொன்ன உண்மை

நான் மட்டும் எழுந்து அந்தக் கெடேரி நின்ற இடத்துக்குப் போனேன். அந்தம்மா தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காடு இருக்கிறது, மேய்க்க உடம்பு இல்லை. தாய்ப்பசுவைப் போன வருடமே விற்றுவிட்டார்கள். இது கடைசி.

"வூட்டுக்காரருக்கு முட்டி ஆபரேசன் பண்ணோணும். அம்பது வந்தாத் தேவலை" என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சினைன்னு தரகர் சொல்றாரு. காளைக்கு விட்டதென்னமோ நெசம். ஆனா போன வாரம் கத்துச்சு. நின்னமாதிரி எனக்குத் தெரியல. பொம்பளைக்குப் பொம்பளை சொல்றேன், நாளைக்கு வயிறு எரியக் கூடாது பாரு. மத்தபடி இடிச் சத்தத்துக்கு மட்டும் மெரளும். வேறொரு கொறையும் இல்லை."

வந்து மாமனாரிடம் இரண்டையும் சொன்னேன். சினை இல்லை என்பது. இடிச் சத்தம் என்பது. அந்தம்மா சொன்ன அம்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப?" என்றார்.

"விலை பேசுங்க மாமா. சங்கிலி இன்னொரு வருசம் பேங்க்ல இருக்கட்டும்."

துண்டுக்குள் விலை

இப்போது நிறையப் பேர் வாய்விட்டே விலை பேசுகிறார்கள். பழைய ஆள்கள் மட்டும் துண்டுக்குள் பேசுகிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் எண். எத்தனை விரல், ஆயிரமா பத்தாயிரமா என்பதெல்லாம் மாட்டையும் பேச்சையும் வைத்து அவர்களுக்குள் புரியும். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. நாளைக்கு இன்னொருவர் வாங்கும்போது, விற்கும்போது இடைஞ்சல் வராது.

துண்டு நாலு தடவை விழுந்தது. மாமனார் முகத்தையும் அந்தப் பெரியவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றோம். "சினையெல்லாம் பேச்சுல வேண்டாம். வெறும் கெடேரி விலைக்குத்தான் கேக்கறேன். சீட்டு இருந்தாக் காட்டுங்க" என்றார் மாமனார். தரகர் வாயடைத்துப் போனார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆளும் வரவில்லை. கடைசியில் 46-க்கு வந்து நின்றது. பெரியவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

நான் மாமனார் பக்கத்தில் போய், "அம்பது குடுத்துருங்க மாமா" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். "அந்தம்மா உள்ளதைச் சொல்லாட்டி நாம சினை மாடுன்னு நெனச்சு அறுவதுகூடக் குடுத்திருப்போமுங்க" என்றேன். மாமனார் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். மறுபடி துண்டைப் போட்டார். அது தான் கடைசித் துண்டு.

பணத்தை எண்ணிக் கொடுத்ததும் பெரியவர் அதிலிருந்து 100 ரூபாயை எடுத்து என் மகள் கையில் கொடுத்து, "புதுக்கயிறு வாங்கிக்க சாமி" என்றார். பழைய கயிற்றை அந்தம்மா அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம், கட்டுத்தரைக்கு ஆகாது என்றார். மகள் அந்த நூறோடு தன் நூறையும் சேர்த்துத் தலைக்கயிறும் கழுத்துமணியும் வாங்கி வந்தாள். காலையிலிருந்து அவள் அந்தக் காசைச் செலவு செய்யாமல் ஏன் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தரகுக்கு 500, சின்ன யானை வாடகை 2,200. மாமனாரும் என் வீட்டுக்காரரும் மாட்டோடு வந்தார்கள். நாங்கள் மூன்று பேர் பஸ்ஸில். மகன் சாட்டையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

வந்த பிறகு

முதல் ராத்திரி தண்ணி குடிக்கவில்லை. திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்த்துக் கத்தியது. மாமனார் கட்டிலைக் கட்டுத்தரை ஓரம் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். 21 நாள் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தள்ளிக் கட்டினோம். சந்தை மாடு எந்த நோயைக் கொண்டு வரும் என்று தெரியாது. பூச்சி மருந்து கொடுத்தோம். கோமாரித் தடுப்பூசி போட்டோம்.

வைகாசியில் டாக்டர் வந்து கையைவிட்டுப் பார்த்தார். சினை இல்லை. அந்தம்மா சொன்னதுதான் நிஜம். நாங்கள் வருத்தப்படவில்லை, வெறும் கெடேரி என்று தெரிந்தே கொடுத்த விலை அது. ஆனியில் பருவத்துக்கு வந்தபோது பக்கத்து ஊர்ப் பூச்சிக்காளையிடம் ஓட்டிப் போனோம். புரட்டாசியில் பார்த்துச் சினை உறுதி என்றார்கள். பங்குனியில் கன்று போட வேண்டும்.

சங்கிலிக்கு வட்டி 4,500 ஆனது. கையில் நின்ற 2,000 சொச்சத்தோடு பால் பணம் சேர்த்துக் கட்டி, திரும்ப வைத்தோம். சீருக்கு மஞ்சள் கயிறும் கவரிங் செயினுமாகத்தான் போனேன். இரண்டு பேர் கேட்டார்கள். "மாடு வாங்கினோம்" என்றேன். ஒருத்தி சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாமனார் இப்போது தினமும் காலையில் காடு வரைக்கும் நடக்கிறார். முழங்கால் வலி போகவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது. மகள் வாரத்துக்கு நாலு நாள் மாடு பிடிக்கப் போகிறாள், மூன்று நாள் டியூஷன் என்கிறாள். ஐப்பசியில் இடி இடித்தபோது கெடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதையும் அந்தம்மா சொல்லித்தான் கொடுத்தார்.

என் கணக்கு சரியா தப்பா என்பது இன்னும் இரண்டு கன்று பிறந்த பிறகுதான் தெரியும். அப்போது இதே பத்திரிகைக்கு எழுதுகிறேன், லாபமென்றாலும் நஷ்டமென்றாலும்.

சந்தைக்குப் போகிறவர்களுக்கு

* காலையில் சீக்கிரம் போங்கள். வெயிலுக்கு முன்னால் மாடு தெம்பாக நடக்கும், குறை தெரியும். விலை முடிப்பதை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

* கறவை மாடு வாங்கினால், மடி புடைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கறக்காமல் கட்டி ஓட்டி வருகிறவர்கள் உண்டு. முடிந்தால் இரண்டு வேளைக் கறவையைக் கண்ணால் பாருங்கள்.

* கொம்பைச் சீவி எண்ணெய் பூசினால் கிழட்டு மாடும் இளசாகத் தெரியும். கொம்பைப் பார்க்காதீர்கள், பல்லைப் பாருங்கள்.

* சினை என்றால் ஊசி போட்ட சீட்டோ டாக்டர் சொல்லோ வேண்டும். இல்லையென்றால் வெறும் மாட்டு விலைக்கே பேசுங்கள்.

* காதில் 12 இலக்கத் தோடு இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊருக்கு வந்ததும் கால்நடை மருந்தகத்தில் உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

* வண்டியில் ஏற்றும்போது கீழே மணலோ வைக்கோலோ பரப்புங்கள். கால் வழுக்காது. உச்சி வெயிலில் ஏற்ற வேண்டாம்.

* வீட்டுப் பொம்பளைகளையும் கூட்டிப் போங்கள். துண்டுக்கு வெளியேயும் கொஞ்சம் விலை பேசவேண்டி இருக்கிறது.